கால் அகற்றப்படாத நாட்கள்

உப்புமுனை ஆதார வைத்தியசாலையில் பெப்ரவரி முதலாம் திகதி காலை எட்டு மணி தொடக்கம் எவருடைய காலும் அழுகுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் அத்தாஉல்லா. வழிமொழிந்தவர் தரப் பிரிவின் பொறுப்பாளர், தாதிய சகோதரி டெனிஷா. கால்களின் தரப்பிலிருந்து யாரும் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

அன்று பின்னேரமே வாசலில் ஒரு பலகை ஏறியது. 'கால் அகற்றப்படாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு வெளிச்சத்தில் ஓர் இலக்கம். ஒவ்வொரு காலையும் அது தானாக ஒன்று கூடும். யாருக்காவது காலோ கால் விரலோ வெட்டப்பட்டால் பூச்சியத்துக்கு இறங்கும். நூறாவது நாள் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரும். நூறு எரிந்துகொண்டிருந்தால் தாதியர் முன்முயற்சிக்கான தங்க விருது. பலகை வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். உள்ளே வேலை செய்கிறவர்கள் அதை மட்டுமே பார்த்தார்கள்.

இவ்வளவுக்கும் காரணம், மருந்து கட்டும் அறையில் வேலை செய்த முஃப்லிஹா என்ற நேர்ஸ். அவள் செய்த குற்றம், நோயாளிகளின் காலைக் குனிந்து பார்த்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவனின் கால் பாத்தியில் இறங்கினால் உப்புக்கட்டி கீறும். கீறிய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். எரிவதால் கீறியது தெரியும். சீனி வருத்தம் என்ற நீரிழிவு முற்றினால் அந்த எரிவு நின்றுவிடும். "முந்தி சரியா எரியும் மிஸ்ஸி, இப்ப அல்ஹம்துலில்லாஹ் காலுக்கு ஒண்டும் தெரியிதில்ல, நல்ல சுகம்" என்று முகம் மலரச் சொல்வார்கள். அந்தச் சுகத்தோடு ஆறு மாதம் நடப்பார்கள். மணம் கிளம்பிய பிறகு மனைவிமார் பிடித்து இழுத்து வருவார்கள். பிறகு டொக்டர் முழங்காலுக்குக் கீழேயா மேலேயா என்று யோசிப்பார்.

முஃப்லிஹா ஒரு நாள் ஆஸ்பத்திரிப் பின்பக்கக் குழாயடியில் லுஹர் தொழுகைக்கு வுழூச் செய்கிற ஆட்களைக் கவனித்தாள். கால் கழுவும்போது ஒருவரும் காலைப் பார்க்கவில்லை. கை தன்பாட்டில் தேய்க்கிறது. கண் அடுத்த குழாயில் யார் நிற்கிறான் என்று பார்க்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவி, ஐந்து தடவையும் பார்க்காமல் விட்ட கால்கள்தான் தன்னிடம் வருகின்றன என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அடுத்த கிளினிக் நாளில் தொடங்கினாள். "நானா, விரலுக்கு இடையில சுண்டுவிரல விட்டுக் கோதுறீங்க தானே, அது சுன்னத்து, நபி காட்டின வழி. கோதிட்டு அந்தச் சுண்டுவிரலக் கொஞ்சம் பாருங்க. ரத்தம், சீழ், மணம், மூண்டுல எது ஈந்தாலும் அண்டைக்கே வாங்க. கிளினிக் நாள் பாக்க வாணாம்."

உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்று யோசித்துப் பள்ளி நிர்வாகத்திடம் போனாள். வுழூச் செய்கிற ஹவுழடியில் கால் உயரத்துக்குச் சாய்வாகக் கண்ணாடி பதிக்கக் கேட்டாள். பள்ளிக்குள் கண்ணாடி கூடுமா என்று மூன்று ஜும்ஆ பேசினார்கள். நான்காவது ஜும்ஆவுக்கு ஒரு தையற்கடைக்காரர் தன் கடையில் உடைந்துபோன ஆளுயரக் கண்ணாடியைத் துண்டுதுண்டாக வெட்டிக் கொடுத்தார். கண்ணாடி வருவதற்கு முந்திய வருடம் அந்த ஆஸ்பத்திரியில் பதினான்கு பேருக்கு வெட்டு விழுந்திருந்தது. கண்ணாடி வந்த வருடம் மூன்று பேருக்கு. யார், எந்த விரல், எப்போது வந்தார், எப்போது ஆறியது என்று முஃப்லிஹா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிவந்தாள்.

அந்தக் கொப்பிதான் டெனிஷாவின் கையில் அகப்பட்டது. டெனிஷா சிலாபத்துக்காரி. ஒன்பது வருடமாக நோயாளி எவரையும் தொட்டிராததால் கை மிகச் சுத்தமானவர்.

"இது யார் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் செல்லல்ல மிஸ்."

"அனுமதி எடுத்தீங்களா?"

"ஓம். காலக் காட்டுங்க எண்டு கேட்டுத்தான் பாத்தன்."

"நான் கேட்டது அந்த அனுமதி இல்ல." டெனிஷா கொப்பியை மூடினார். "பயப்படாதீங்க. நல்ல விஷயம்தான். ஆனா இப்ப இது சும்மா நடந்துகொண்டு இருக்கு. இத நாங்க ஒரு செயற்றிட்டமா ஆக்கணும்."

'பாதம் காப்போம்' செயற்றிட்டம் வாழைக்குலையும் குத்துவிளக்கும் வைத்துத் தொடங்கப்பட்டது. டொக்டர் அத்தாஉல்லா நாற்பது நிமிடம் பேசினார்.

"தாதியரே இந்த வைத்தியசாலையின் முதுகெலும்பு. இதுவரை பின்னால் இருந்த முதுகெலும்பு முன்னால் வரவேண்டிய காலம் வந்திருக்கிறது. இனி மாற்றங்களுக்குத் தாதியரே தலைமை தாங்குவார்கள். எப்படித் தலைமை தாங்குவது, எந்த நாளில் தாங்குவது, யாரிடம் கேட்டுத் தாங்குவது என்பதையெல்லாம் நாங்கள் அவர்களுக்கு எழுத்தில் தருவோம். முஃப்லிஹா என்ற சாதாரணத் தாதியைத் தலைவராக நியமிப்பதன் மூலம் நான் என்னுடைய பணிவைக் காட்டியிருக்கிறேன்."

கைதட்டினார்கள். முஃப்லிஹாவும் தட்டினாள். கரைத்தீவில் அகதி முகாமில் பிறந்து, தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று வளர்ந்தவள். மேடையில் ஏறச் சொன்னால் ஏறுவதும் தட்டச் சொன்னால் தட்டுவதும் அவளுக்குப் புதிதல்ல.

தலைவரானதும் அவளுக்கு முதலில் தெரியவந்தது, தலைவர் மருந்து கட்டும் அறையில் இருக்கக் கூடாது என்பது. திங்கட்கிழமை திட்டமிடல் கூட்டம். செவ்வாய் முன்னேற்றக் கூட்டம். புதன் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் குறைபாடுகளை ஆராயும் கூட்டம். வியாழன் பயிற்சி. கால் பார்க்க வெள்ளிக்கிழமை மிஞ்சியது. வெள்ளிக்கிழமை உப்பளத்து ஆட்கள் வருவதில்லை.

பிரச்சினையின் வேர்களைக் காண ஒரு மீன்முள் வரைபடம் கீறவேண்டும் என்றார் டெனிஷா. நடுவில் முதுகுமுள், இரண்டு பக்கமும் காரணங்கள். கீறியதைச் சுவரில் ஒட்டினார்கள். தரை துடைக்கிற மனுஷி, கல்பிட்டிக் கடற்கரையில் பிறந்தவள், நின்று பார்த்துவிட்டு, இந்த முள்ளு எந்த மீனுக்கும் இல்லையே என்று கவலைப்பட்டாள். காரணங்களில் 'நோயாளியின் அறியாமை' ஆறு முள்ளிலும் இருந்தது. 'தாதி பார்க்காமை' என்று முஃப்லிஹா ஒரு சின்ன முள் சேர்த்தாள். தாதியரின் மனவலிமையைக் குறைக்கும் என்று அந்த முள் பிடுங்கப்பட்டது.

அடுத்தது கண்ணாடி. பள்ளியில் பதித்தது டெண்டர் கேள்விப்பத்திரம் இல்லாமல் பெற்ற கண்ணாடி என்பதால் கழற்றப்பட்டது. பதிலாக ஆஸ்பத்திரிச் சுவரில், முறைப்படி வாங்கிய கண்ணாடி பொருத்தப்பட்டது. தரையிலிருந்து நாலடிக்குக் கீழே கண்ணாடி இருந்தால் தொற்று ஏற்படும் என்று ஏதோ ஒரு சுற்றறிக்கை சொன்னதால் ஐந்தடியில் பொருத்தினார்கள். உப்பளத்து ஆட்கள் வரிசையாக நின்று தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கால் பரிசோதனை முடிந்தது என்று வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு படிவம் வந்தது. நாலு பக்கம். மூன்றாம் பக்கம் முடியும்வரை நோயாளி செருப்பைக் கழற்றக் கூடாது. பதினேழாவது கேள்வி: 'உங்கள் பாதங்கள் குறித்து எந்தளவு திருப்தியடைகிறீர்கள்?' கால் மரத்துப்போனவர்கள் அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். ஒரு வேதனையும் இல்லையே. அந்தக் காலாண்டில் மாகாணத்திலேயே அதிகத் திருப்தியுள்ள பாதங்கள் உப்புமுனையில் இருப்பதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது.

எண்பத்தைந்தாவது நாள் றவூப் வந்தார்.

றவூப் முப்பது வருடமாக உப்பளத்தில் கொத்துகிறவர். முஃப்லிஹா சொல்லிக் கொடுத்ததை மறக்காத ஆள். அன்று விடிய சுபஹுத் தொழுகைக்கு வுழூச் செய்து சுண்டுவிரலைப் பார்த்தபோது இரத்தம் இருந்தது. இடது காலில் இரண்டாம் விரலின் அடியில் ஒரு பிளவு. அன்றைக்கே வந்துவிட்டார். முஃப்லிஹாதான் இல்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் 'நோயாளியின் அருகில் தாதி' என்ற மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தாள். அறையிலிருந்த வேறொரு நேர்ஸ் படிவத்தை நிரப்பத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் பன்னிரண்டு மணியாகி, நாலாம் நாள் வரச் சொல்லித் திகதி போட்டுக் கொடுத்தாள். செருப்பு கழற்றப்படவே இல்லை.

எண்பத்தொன்பதாவது நாள் முஃப்லிஹா அந்தச் செருப்பைக் கழற்றினாள். விரல் கறுத்திருந்தது. அடியில் சீழ். கால் வீங்கி மினுங்கியது. சத்திரசிகிச்சைப் பிரிவின் இளம் டொக்டர் அஸ்மியைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் அரை நிமிடம்தான் பார்த்தார்.

"இண்டைக்கே இந்த விரல எடுக்கணும். இருபது நிமிஷ வேல. விரல் போனா கால் தப்பும். சுணங்கினா நான் பொறுப்பில்ல."

றவூப் மனைவியைப் பார்த்தார். றுக்கியா, புத்தளம் சந்தையில் கருவாடு விற்றவரின் மகள். ஒரு கட்டுக் கீரையைக்கூடக் கேட்ட விலைக்கு வாங்கிப் பழக்கமில்லாதவள்.

"முழு விரலுமா?"

"ஓம், முழு விரலும்."

"பாதிய வெச்சிட்டு எடுக்க ஏலாதா டொக்டர்? நுனிதானே கறுத்தீக்கி."

"ஏலாது."

"பக்கத்து விரலத் தொடமாட்டீங்களே?"

"தொடமாட்டம்."

"உள்ளுக்குக் கொண்டுபோய்ப் பேச்ச மாத்தப்படாது. ஒரு விரல். அவ்வளவுதான்." சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கணவரின் முதுகைத் தட்டினாள். "குடுங்க. மத்த ஒம்பதும் ஈக்கி தானே."

பேரம் முடிந்தது. கொடுக்கிறவர் கொடுக்கத் தயார். வாங்குகிறவர்கள்தான் பின்வாங்கினார்கள்.

அத்தியட்சகரின் அறையில் அவசரக் கூட்டம் நடந்தது. டெனிஷா மேசையில் கோவையை விரித்து, விரல் என்பது காலா என்று கேட்டார்.

"கால்லதான் ஈக்கி மிஸ்" என்றார் அஸ்மி.

"வரைவிலக்கணப்படி?"

"வரைவிலக்கணப்படியும் கால்லதான் ஈக்கி."

டெனிஷா பெருமூச்சு விட்டார். "அப்ப பூச்சியம்."

டொக்டர் அத்தாஉல்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விரலை வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்ல எனக்கென்ன உரிமை? நான் அந்த நோயாளியைப் பார்த்தது கூட இல்லை. பார்க்காத ஒருவரைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை, அது என்னுடைய கொள்கை. நான் பலகையைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதை நான் தினமும் பார்க்கிறேன்." அவர் முஃப்லிஹாவின் பக்கம் திரும்பினார். "விருது கிடைத்தால் உங்கள் அறைக்கு இன்னும் இரண்டு தாதி. காலில் இரத்த ஓட்டம் பார்க்கிற கருவி. நீங்கள் நாலு வருடமாகக் கேட்டு எழுதியவை. இன்னும் பதினொரு நாள். ஒரு பக்கம் ஒரு விரல். மறுபக்கம் இனி வரப்போகிற அத்தனை கால்களும். தலைவர் நீங்கள். நீங்களே முடிவு செய்யுங்கள். தாதியர் தலைமையில் நாங்கள் தலையிட மாட்டோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளிடம் யாரும் இதற்கு முன் முடிவு கேட்டதில்லை. ஊசி மருந்தில் அடங்கிய விரல்களை அவள் கண்டிருந்தாள், இரண்டோ மூன்றோ. காலையிலும் மாலையிலும் தானே கட்டினால்? அந்தக் கருவியும் இரண்டு நேர்ஸும் வந்தால்? அவள் மனம் ஒரு தட்டில் விரலையும் மறு தட்டில் எண்ண முடியாத கால்களையும் வைத்தது. எண்ண முடியாததுதான் எப்போதும் பாரமாகத் தெரியும்.

"ரெண்டு நாள் மருந்து போட்டுப் பாப்பம்" என்றாள்.

அஸ்மி நோயாளியின் தாளில் 'இன்றே விரலை அகற்றுமாறு பரிந்துரைக்கப்பட்டது' என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். மறுநாளிலிருந்து அவருக்குக் கொழும்பில் பரீட்சை. பத்து நாள் லீவு. கோடு மிக நேராக இருந்தது.

முஃப்லிஹா வாட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"இண்டைக்கே எண்டு செல்லிப்போட்டு, இப்ப என்ன புதுக்கத?" என்றாள் றுக்கியா.

"ஊசி போட்டுப் பாப்பம் ராத்தா. ரெண்டு நாள் பொறுங்க."

றுக்கியா அவள் முகத்தைச் சந்தையில் மீனின் கண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது நீங்க செல்றதா மிஸ்ஸி? அவங்க செல்லித் தந்ததா?"

"நான்தான் செல்றன்."

"அப்ப சரி."

இரண்டு நாளும் முஃப்லிஹா இரண்டு வேளையும் கட்டினாள். தொண்ணூற்றோராவது நாள் பக்கத்து விரல்கள் இரண்டும் கறுத்தன. தொண்ணூற்றிரண்டாவது நாள் காய்ச்சல். அவள் அத்தியட்சகரின் அறைக்கு ஓடினாள்.

"சேர், வெட்டணும். என்ட முடிவு பிழ."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. தலைவர்கள் பிழை விடுவதில்லை, மீளாய்வு செய்கிறார்கள். மீளாய்வுக் கூட்டம் புதன்கிழமை."

"அதுக்குள்ள கால் போயிரும் சேர்."

"வெட்டுவதற்கு டொக்டரும் இல்லையே. வேண்டுமானால் வேறு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அங்கே வெட்டினால் நமக்கு ஆட்சேபனை இல்லை. நோயாளியின் நலன்தானே முக்கியம்."

அம்புலன்ஸில் றவூப்பையும் றுக்கியாவையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலத் தூரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு முஃப்லிஹாவே போனாள். வாசலில் இறங்கும்போதே றுக்கியா கையை நீட்டிக் காட்டினாள். அங்கேயும் ஒரு பலகை. இருநூற்றுப் பதினொன்று.

அந்த ஆஸ்பத்திரியின் தரப் பொறுப்பாளர் மரியாதையானவர். கதிரை போட்டுக் கொடுத்தார். "உங்களுக்கு நூறுதானே தேவை? நாங்க முந்நூத்து அறுபத்தஞ்சுக்குப் போறம். வருஷம் முழுக்க. எங்கட நிலைமைய நீங்கதான் விளங்கிக்கொள்ளணும், நீங்களும் ஒரு தலைவர்."

"தம்பி" என்று றுக்கியா குறுக்கிட்டாள். "நான் சந்தையில வளந்தவ. வாங்குறவன் கொறச்சிக் கேப்பான், விக்கிறவன் கூட்டிச் செல்லுவான். இங்க நான் ஒரு விரலத் தாறன் எண்டன், வாங்கல்ல. மூணு விரலத் தாறன் எண்டு வந்தீக்கிறன், வாங்கமாட்டீங்களாம். எவ்வளவு கொண்டுவந்தா வாங்குவீங்க? அதச் செல்லுங்களேன்."

அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்: 'உப்புமுனை வைத்தியசாலையில் தாதியர் தலைமையில் வழங்கப்படும் முன்மாதிரியான பாதப் பராமரிப்பைக் கருத்திற்கொண்டு, நோயாளி அங்கேயே தொடர்ந்து சிகிச்சை பெறுவது சாலச் சிறந்தது.' அந்தக் கடிதம் ஊருக்கு வந்ததும் டெனிஷா அதைப் பிரதியெடுத்து, விருதுக்கான கோவையில் பாராட்டுகள் என்ற பகுதியில் சேர்த்தார். கொழும்புக்குக் கொண்டுபோக றுக்கியா கேட்ட அம்புலன்ஸ், மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டுவதற்காகக் கழுவி நிறுத்தப்பட்டிருந்தது.

தொண்ணூற்றேழாம் நாள் தொடக்கம் ஒத்திகை. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். மதிப்பீட்டுக் குழு ஒரு நோயாளியோடு பேசவேண்டும் என்பது விதி. கோவையைப் புரட்டிப் பார்த்ததில், வுழூவின்போது விரலைப் பார்த்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்ற தகுதி ஒருவருக்குத்தான் இருந்தது. றவூப் முன்மாதிரி நோயாளியாகத் தெரிவானார். அவருடைய கட்டிலை ஜன்னலோரம் போட்டு, இடுப்புவரை புது வெள்ளைத் துணி போர்த்தி, காலடியில் சாம்பிராணி வைத்தார்கள்.

"என்ன செல்லணும் மிஸ்ஸி?" என்று றவூப் காய்ச்சலில் பல் நடுங்கக் கேட்டார்.

"உள்ளதச் செல்லுங்க நானா" என்றாள் முஃப்லிஹா.

நூறாவது நாள் காலை மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஒரு வயதான அம்மா. தாதியர் பாடசாலை ஒன்றின் முன்னாள் அதிபர். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். மீன்முள்ளைப் பார்த்தார்கள். ஐந்தடிக் கண்ணாடியில் தலைவி தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பிறகு வாட்டுக்கு வந்தார்கள்.

"இங்கே சேவை எப்படி ஐயா?"

றவூப் கண்ணைத் திறந்தார். "நல்லம். ஒவ்வொரு நாளும் பெரிய ஆக்கள் வருவாங்க. நான் ஈக்கிறனா எண்டு பாப்பாங்க. பொறகு போய் வாசல்ல இலக்கத்தப் பாப்பாங்க."

"தொடர் கண்காணிப்பு" என்று தலைவி எழுதிக்கொண்டார்.

அத்தியட்சகர் புன்னகைத்தார். டெனிஷா அடுத்த அறைக்கு வழி காட்டினார். அப்போதுதான் முஃப்லிஹா குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்தாள்.

சாம்பிராணிக்கு அதற்கு மேல் சக்தி இருக்கவில்லை. கால் கணுக்கால்வரை கறுத்து, முழங்கால்வரை சிவந்திருந்தது. மூவரில் இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். டெனிஷாவின் கையிலிருந்த கோவை சரிந்தது.

"பதினொரு நாள்" என்றாள் முஃப்லிஹா. "ஒரு விரல். அண்டைக்கு வெட்டீந்தா ஒரு விரல்தான். பலகைக்காக வெட்டல்ல. நானும்தான் வெட்ட விடல்ல."

தலைவி நீண்ட நேரம் அந்தக் காலைப் பார்த்தார். நாற்பது வருடம் தாதியாக இருந்தவர். அவர் முகத்தில் ஏதோ ஒன்று எழும்பிவந்து, பாதியில் இறங்கிப் போனது.

"அகற்றப்பட்டதா?" என்று கேட்டார்.

"இல்ல மெடம். அதத்தான் செல்றன். அகற்றல்ல."

"அகற்றப்படவில்லை." தலைவி மற்றவர்களிடம் திரும்பினார். "அப்படியானால் பலகை சரி."

எழுதினார்கள். பிறகு தலைவி முஃப்லிஹாவின் தோளில் கை வைத்தார். "மற்ற வைத்தியசாலைகளில் மறைப்பார்கள், மகள். இங்கே தாதியே துணியை நீக்கிக் காட்டுகிறார். குறையையும் தைரியமாகச் சொல்கிறார். இதைத்தான் நாங்கள் தாதியர் தலைமைத்துவம் என்கிறோம்." வெளிப்படைத்தன்மைக்குப் பத்துக்குப் பத்து. தங்க விருது அந்தப் பத்தினால்தான் கிடைத்தது என்று பின்னர் தெரியவந்தது.

நூற்றோராவது நாள் அஸ்மி பரீட்சையிலிருந்து திரும்பி, றவூப்பின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார். றுக்கியா இந்தத் தடவை பேரம் பேசவில்லை. எங்கே என்று கேட்டாள். அவர் தன் தொடையில் கையை வைத்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னாள்.

அன்று பலகை இறங்கவில்லை. மறுநாள் காலை அது ஏறி நூற்றிரண்டானது. நோய் தொடங்கியது மதிப்பீட்டுக் காலத்துக்குள், வெட்டியது மதிப்பீட்டுக்குப் பிறகு, ஆகவே இது எந்தக் காலத்துக்கும் சேராது என்று தரப் பிரிவு முடிவெடுத்து, சம்பவத்தை 'திட்டமிட்ட அவயவ மீளமைப்பு' என்று பதிந்திருந்தது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. வெட்டிய காலை ஊர் ஆட்கள் குப்பையில் போட விடுவதில்லை. வாங்கிக்கொண்டு போய் மையவாடியில் அடக்குவார்கள். அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் உண்டு: அகற்றப்பட்ட அவயவத்தை உறவினரிடம் ஒப்படைத்தல். அதில் அகற்றல் பதிவேட்டின் இலக்கம் எழுதவேண்டும். இலக்கம் இல்லை, ஏனென்றால் அகற்றல் இல்லை.

றுக்கியா வெள்ளைத் துணியோடு சவச்சாலை விறாந்தையில் காலையிலிருந்து நின்றாள். மையவாடியில் குழி வெட்டியாகிவிட்டது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னது. பொறுப்பாளன் கைவிரித்தான். "மீளமைச்ச கால் ஒண்டு உள்ளுக்கு ஈக்கி உம்மா. அகற்றின கால் ஒண்டும் எங்கட கணக்குல இல்ல. இல்லாதத நான் எப்பிடித் தாறது?"

முஃப்லிஹா வந்தாள். அகற்றல் பதிவேட்டை எடுத்து வரச் செய்தாள். வருடம் தொடங்கியதிலிருந்து வெறுமையாகக் கிடந்த பக்கத்தில், முதலாம் இலக்கம் என்று எழுதி, றவூப்பின் பெயரையும் காலையும் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'காத்திருக்க வைத்தமை' என்று எழுதினாள்.

டெனிஷா ஓடிவந்தார். "முஃப்லிஹா, இத எழுதினா பலகை பூச்சியத்துக்குப் போகும். விருதத் திருப்பி எடுப்பாங்க. உங்கட ரெண்டு நேர்ஸும் வரமாட்டாங்க. மெஷினும் வராது. யோசிச்சுத்தான் எழுதுறீங்களா?"

"ஓம் மிஸ்."

"எந்தத் தகுதியில கையெழுத்துப் போடுறீங்க?"

"தலைவர்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

பொறுப்பாளன் உள்ளே போய்க் கொண்டுவந்தான். றுக்கியா இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். துணியைச் சுற்றி, தலைப்பை மடித்துச் செருகினாள்.

"இதுக்குத் தொழுகை ஈக்கா மிஸ்ஸி?"

"இல்ல ராத்தா. சும்மா அடக்கினாப் போதும்."

த்ரீவீல் வாசலில் நின்றது. றுக்கியா ஏறி உட்கார்ந்து, அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். முஃப்லிஹா பக்கத்தில் வந்து, என்னை மாப்புச் செய்யுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். றுக்கியா முந்திக்கொண்டாள். குரலில் கோபம் இருக்கவில்லை. சந்தையில் எல்லாம் விற்று முடிந்த பிறகு பேசுகிற குரல்.

"அண்டைக்கு அந்த டெனிஷா மிஸ் வந்து பொறுங்க எண்டு செல்லீந்தா, நான் அந்த நிமிஷமே இவரத் தூக்கிக்கிட்டுக் கொழும்புக்குப் போயீப்பன். பெரிய டொக்டர் செல்லீந்தாலும் போயீப்பன். நீங்க செல்லித்தானே மிஸ்ஸி பொறுத்தம். நீங்க ஒராள்தானே அவர்ட காலப் பாத்தது."